கடைசியில் வரவேண்டியவள் முதலாவதாக வந்த கதை

யாழ்ப்பாணத்தாரைக் கடைசி வரிசையில் இருத்தக்கூடாது. கலியாண மண்டபமாக இருக்கட்டும், கோயில் அன்னதானமாக இருக்கட்டும், எங்களைப் பின்னுக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டு, "இஞ்சை காத்து நல்லா வரும்" என்று ஒருவர் சொன்னால், அவர் எங்களை அவமதித்துவிட்டு அதற்குக் காற்றையும் துணைக்கு அழைக்கிறார் என்றே எடுத்துக்கொள்வோம். பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் நடந்த ஒரு திருமணத்தில் கடைசி மேசை கிடைத்ததற்காக என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் இன்றுவரை பெண் வீட்டாரோடு பேசுவதில்லை. (அந்த மேசைக்குத்தான் சாப்பாடு முதலில் வந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள் என்று அதையும் அவமானத்தில் சேர்த்துக்கொண்டார்.)

இந்தக் குணம் என்னிடம் இல்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பத்திரிகைக்காரிக்கு வரிசை கிடையாது. சுவரோரம் நின்று பார்ப்பதுதான் வேலை. அந்த நம்பிக்கை மெக்சிகோவில், ஒரு மலைப்பாதையில் உடைந்தது. என்னோடு இருபதுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டிருந்தன. உடைந்தபோது அவற்றில் ஒன்றுகூட என் பக்கத்தில் இல்லை. அதுதான் கதை.

முதலில் எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கூட்டம் இருக்கும். அதே நேரத்தில் புறநகர் ஒன்றில் நூல் வெளியீடு, இன்னொன்றில் விளையாட்டுப் போட்டி. மெட்ரோவையும் பேருந்தையும் நம்பிப் போனால் எல்லா இடத்திலும் நன்றியுரைக்குத்தான் போய்ச் சேருவேன். தலைமையுரையைக் கேட்டறியாத செய்தியாளர் என்று எனக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. (தலைமையுரைகளைக் கேட்டவர்கள், நான் இழந்தது ஒன்றுமில்லை என்றார்கள்.) ஆகவே நாற்பது தாண்டிய வயதில் மோட்டார் சைக்கிள் பழகப்போவதாக வீட்டில் அறிவித்தேன்.

ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் என் கணவர், ஒரு தொலைபேசியின் வயிற்றைத் திறந்து வைத்தபடியே கேட்டார்:

"இஞ்சாரும், உமக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட வராதே?"

"அதாலைதான் மோட்டச்சைக்கிள். அது தானா ஓடும்."

அது தானாக ஓடவில்லை. பிரான்சில் இந்த அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சையில் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். வேகமாக ஓட்ட எவராலும் முடியும். நடக்கும் வேகத்தில், காலை ஊன்றாமல், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதுதான் சோதனை. நான் எந்தக் கூம்பின் மேல் விழுந்தேனோ அதே கூம்பின் மேல் அடுத்ததாக வந்து விழுந்தவள் மரிசோல். மெக்சிகோக்காரி, மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் வேலை. இருவரும் நிலத்தில் கிடந்தபடியே அறிமுகமானோம். பரீட்சையில் ஒன்றாகத் தோற்றோம், ஒன்றாகத் திரும்பப் போனோம், ஒன்றாக வென்றோம்.

வாங்கிய வண்டியை முறைப்படி ரூ பஜோலில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் கற்பூரம் காட்டி, இரண்டு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்துவிட்டு, என் கணவரைப் பார்த்து, "ஏறி எடுங்கோ" என்றார்.

"ஐயா, எனக்கு ஓடத் தெரியாது. அவதான் சாரதி."

ஐயர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு தேசிக்காயை எடுத்து முன்சில்லுக்குக் கீழே மேலதிகமாக வைத்தார்.

அதன் பிறகு பாரிஸ் என்னைத் தயாரித்தது. பெரிஃபெரிக் என்ற சுற்றுவட்ட நெடுஞ்சாலையில் காலை வேளையில் கார்கள் அசையாமல் நிற்கும். இரண்டு கார் வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து போகும். அதில் தயங்கினால் பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்தே உங்களைத் தின்றுவிடுவான். ஒதுங்கி வழிவிட்ட காருக்கு வலது காலை நீட்டி நன்றி சொல்வது இங்கத்தைய வழக்கம். (ஒரு மனிதருக்குக் காலைக் காட்டி நன்றி சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.) எங்கே நெரிசலோ அங்கே புகு, யாருக்காகவும் நில்லாதே. இதுதான் எனக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள் சாஸ்திரம். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஓர் எண்ணமும் இருந்தது.

இந்த எண்ணத்தோடுதான் மரிசோலின் அழைப்பை ஏற்று மெக்சிகோவுக்குப் போனேன்.

அவளுடைய குடும்பம் வஹாக்கா நகரத்தில் இருக்கிறது. தகப்பன் ராமிரோ அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் கழகத்தின் தலைவர். மீசையும் வயிறும் தோல் அங்கியும் உள்ள, மிகக் குறைவாகப் பேசும் மனிதர். தாய் எலேனா பசிபிக் கரையோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் அந்த ஊர்த் தேவாலயத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆசீர்வாதம் நடக்கும். நகரத்திலிருந்து கழகம் முழுவதும் மலையைக் கடந்து, வரிசையாகப் போய், தீர்த்தம் தெளிப்பித்துக்கொண்டு, மீன் சாப்பிட்டு, தங்கி, மறுநாள் திரும்பும்.

அந்த வருடம் ஒரு விசேஷம் இருந்தது. மரிசோலின் தங்கை லூப்பே முதன்முறையாகத் தன் சொந்த வண்டியில் வருகிறாள். தாய் எலேனாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்து, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள்: பாதர் கையால் அந்த வண்டிக்குத் தீர்த்தம் விழுந்தால் லூப்பே அதை வைத்திருக்கலாம்; விழாவிட்டால் சாவி தாயிடம், வண்டி வாங்கிய கடைக்கு. எலேனா சமையலுக்காக முதல் நாளே பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார். லூப்பே வண்டியைத் துடைத்துத் துடைத்து அதன் நிறத்தையே மாற்றிவிட்டாள்.

(இதையெல்லாம் மரிசோல் எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் மெக்சிகர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர் போலப் பேசினால் அது அவர்கள் குற்றமல்ல.)

புறப்படும் காலையில், எனக்கு ஓட்டக் கழகத்தின் வண்டி ஒன்றை இரவல் தந்த ராமிரோ எல்லாரையும் வட்டமாக நிறுத்தி வரிசையைச் சொன்னார். முன்னுக்கு அவர். அடுத்து மரிசோல். புதியவள் என்பதால் லூப்பே மூன்றாவது. பிறகு ஒவ்வொருவராக. என் பெயர் வரவே இல்லை. கடைசியாக, ஒளிரும் பச்சை மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்து என்னவோ சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"நீதான் பர்ரெதோரா. தும்புத்தடியாலை தெருக் கூட்டுற மாதிரிக் கூட்டிக்கொண்டு வாறவ. எல்லாருக்கும் பின்னாலை வரவேணும். ஆர் நிண்டாலும் நீ நிக்கவேணும். ஒருத்தரையும் உனக்குப் பின்னாலை விடக்கூடாது. அப்பா கண்ணாடியிலை உன்ரை லைற்றைப் பாத்துக்கொண்டுதான் ஓடுவார்" என்றாள் மரிசோல். "விருந்தாளிக்கு இதைக் குடுக்கிறது பெரிய மரியாதை."

நான் அந்த மேலங்கியைப் பார்த்தேன். லா சப்பலில் தேர் போன பிறகு, தெரு நிறையச் சிதறிக் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைகளைக் கூட்டி அள்ள மாநகரத் துப்புரவுப் பணியாளர்கள் வருவார்களே, அவர்கள் போட்டிருப்பதும் இதே பச்சைதான். ஆண்டுதோறும் அந்தத் தேரைப் பற்றிச் செய்தி எழுதியவள் நான். முன்னுக்கு வரும் நாதஸ்வரத்தை எழுதியிருக்கிறேன், காவடியை எழுதியிருக்கிறேன். பின்னுக்கு வந்த பச்சை அங்கிகளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

"பெரிய மரியாதை" என்று மரிசோல் சொன்னது எனக்கு "இஞ்சை காத்து நல்லா வரும்" என்றுதான் கேட்டது.

அங்கியைப் போட்டுக்கொண்டேன். முகத்தில் புன்னகை இருந்தது. தலைக்கவசத்துக்குள்ளே அந்த ஒன்றுவிட்ட அண்ணர் இருந்தார்.

மலைப்பாதை அழகாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். பைன் மரங்கள், பள்ளத்தில் நிற்கும் மேகம், வளைவுக்கு வளைவு சின்னச் சின்னச் சிலுவைகள். ஆனால் நான் கண்டது எனக்கு முன்னால் போன மனிதரின் முதுகை. அவர் வளைவுகளை ஒரு பல் வைத்தியருடைய கவனத்தோடு எடுத்தார். (பிறகு விசாரித்ததில் அவர் உண்மையிலேயே பல் வைத்தியர்.) ஒருவருடைய பொதி சரிந்தது, வரிசை முழுவதும் நின்றது. ஒருவருக்குத் தாகம், வரிசை முழுவதும் நின்றது. ஓரத்தில் பழுதாகி நின்ற, எங்கள் கழகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வண்டிக்காரனுக்காகவும் நின்றோம். அவனுடைய சங்கிலியைப் பூட்டிக் கொடுத்து, அவனுக்கு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள். பாரிஸில் இதற்குள் மூன்று கூட்டங்களுக்குப் போய் வந்திருப்பேன் என்று நினைத்தேன்.

மலையின் உச்சி தாண்டி ஒரு சிற்றூர். அன்று சந்தை. பாதை முழுக்க லொறிகள், வான்கள், வான்கோழிகளோடு பெண்கள். எங்கள் வரிசை லொறிகளுக்கு வலப்புறமாக, பாதையோரத்தில் அப்படியே நின்றது. எஞ்சினை நிறுத்தினார்கள். பல் வைத்தியர் தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

நான் இடது பக்கம் பார்த்தேன். போகும் லொறிகளுக்கும் வரும் லொறிகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. பெரிஃபெரிக் இடைவெளி. இரண்டு கண்ணாடிகளும் தட்டாமல் போகக்கூடிய, என்னைப் பெயர் சொல்லி அழைக்கிற இடைவெளி.

கொஞ்சத் தூரம் போய் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் புகுந்தேன். அந்த இடைவெளியில் திரும்ப முடியாது என்பது பெரிஃபெரிக்கில் ஓடும் எவருக்கும் தெரியும்; எனக்கும் தெரியும். என்றாலும் போனேன். போன விதம் அற்புதம். வான்கோழி ஒன்றின் இறகுகூட அசையவில்லை. ஒரு லொறிச் சாரதி ஒதுங்கித் தந்தார். காலை நீட்டி நன்றி சொன்னேன். (அவர் தன் காலில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.) ஊரின் மறுமுனையில் வெளியே வந்தபோது கைதட்டல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன் போல.

பாதை வெறுமையாக இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை.

இப்போது வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓரத்தில் நின்ற எங்கள் வரிசைக்கும் எனக்கும் நடுவே உயரமான லொறிகள் இருந்தன. அவர்கள் என்னைக் காணவில்லை. நான் அவர்களைக் காணவில்லை. வரிசை இன்னும் சந்தைக்குள் நிற்கிறது, நான் அதைத் தாண்டி வந்துவிட்டேன் என்பதுதான் நேரான முடிவு. பல ஆண்டுகள் செய்தியாளராக இருந்த நான் எடுத்த முடிவு வேறு: அவர்கள் எப்படியோ நெரிசலைக் கடந்து, கடைசியில் விட்டவளைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார்கள்.

"பின்னுக்கும் விட்டு, விட்டிட்டும் போட்டினம்" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க ஒரு கழுதைதான் நின்றது.

பிறகு நான் ஓட்டிய ஓட்டத்தை மரிசோலின் தகப்பன் பார்த்திருந்தால் கழகத்தில் ஆயுட்காலத் தடை கிடைத்திருக்கும். எனக்குப் பின்னால் இருந்தவர்களை முன்னால் துரத்திக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு, இதோ அடுத்த திருப்பத்தில் பிடித்துவிடுவேன் என்று போனேன். பைன் மரங்கள் முடிந்து வாழை மரங்கள் வந்தன. வாழை முடிந்து தென்னை வந்தது. வெக்கை வந்தது. கடல் வந்தது. எலேனாவின் ஊரும் வந்துவிட்டது.

ஊர்ச் சதுக்கத்தில் நுழைந்ததும் வாத்தியம் முழங்கியது. ஈர்க்குவாணம் ஒன்று சீறிக்கொண்டு மேலே போனது. தேவாலய வாசலில் வண்ணக் காகிதத் தோரணங்கள், வாளி நிறையத் தீர்த்தத்தோடு பாதர், வெள்ளைப் பூக்கொத்தோடு எலேனா. எலேனா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு என் தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்தார். "லூப்பே?" என்று கேட்டார்.

நான் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை. அப்போது என் மனதில் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: மெக்சிகர்கள் மெக்சிகோவில் வழி தவறிவிட்டார்கள். நான் முந்திவிட்டேன்.

பின்னால் கையைக் காட்டி, "வருகினம்" என்றேன். பாதர் அவசரத்தில் இருந்தார். அடுத்த ஊரில் அவருக்கு ஒரு ஞானஸ்நானம். வந்த வண்டிக்காவது செய்வோம் என்று பூக்கொத்தைத் தீர்த்தத்தில் தோய்த்து என் வண்டி மேல் தெளித்தார். என் மேலும் தெளித்தார். வாத்தியக்காரர் ஒரு முழுப்பாட்டையும் எனக்காகவே வாசித்தார்கள். நான் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, "முதலாவதா வந்திட்டன்" என்று கணவருக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. அவருக்குப் பின்னால் லூயி-பிளாங் கடையின் தொலைபேசி உறைகள் தொங்கின.

"மற்றாக்கள் எங்கை?"

"வழி மாறிப் போட்டினம் போலை."

"அவையின்ரை நாட்டிலையோ?"

நான் கைத்தொலைபேசியைத் திருப்பித் தேவாலயத் தோரணங்களைக் காட்டினேன்.

"இஞ்சாரும். உம்மை எந்த இடத்திலை வரச் சொன்னவை?"

"கடைசியிலை. ஒருத்தரும் எனக்குப் பின்னாலை நிக்கக்கூடாதாம். அவர் கண்ணாடியிலை என்ரை லைற்றைப் பாத்துக்கொண்டு வருவாராம்."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். தொலைபேசி திருத்துபவர்கள் நிதானமானவர்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

"அப்ப இப்ப அந்த மனிசன்ரை கண்ணாடியிலை என்ன தெரியுது?"

அந்தக் கேள்வியோடு எல்லாம் தெரிந்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாவிட்டால் அவர்கள் நகரமாட்டார்கள். நகராமல் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போவார்கள். அந்தப் பள்ளங்களையும் சிலுவைகளையும் நோக்கி, என்னைத் தேடிக்கொண்டு.

மரிசோலுக்கு அழைத்தேன். மலையில் தொடர்பு இல்லை. வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினேன். ஒரு கை வந்து சாவியைத் திருப்பிப் பிடுங்கியது. எலேனா. என்னைக் காட்டினார், மலையைக் காட்டினார், இரு கைகளையும் குறுக்கே ஆட்டினார். 'நீயும் போனால் உன்னைத் தேடுவதா, அவர்களைத் தேடுவதா' என்பதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை. சாவியைத் தன் ஏப்பிரனுக்குள் போட்டார். என்னைக் கதிரையில் இருத்தி, சோள மா அவியல் ஒன்றைக் கையில் தந்தார். நான் அதைப் பிடித்தபடி இருந்தேன்.

பாதர் பார்த்துப் பார்த்து நின்றார். ஞானஸ்நானக் குழந்தை வீட்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வாளியைக் கவிழ்த்து, தன் வாகனத்தில் ஏறி, எனக்கு மட்டும் கையசைத்துவிட்டுப் போனார். அந்த வருடம் அந்தக் கழகத்தில் ஆசீர்வதிக்கப்பட்ட ஒரே வண்டி என்னுடையது.

வாத்தியக்காரர்கள் மதுவை முடித்து வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் மலைப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. வரிசையாக வந்தார்கள். தூசியால் எல்லாரும் ஒரே நிறம். முன்னுக்கு வந்த ராமிரோ என்னைக் கண்டதும் வண்டியை ஓட்டியபடியே ஒரு கையால் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினார். நின்று, இறங்கி, ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். கடைசியாக என்னை எண்ணினார். பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். ஒரு சொல் திட்டவில்லை. கிட்ட வந்து என் தலையைத் தன் தோல் அங்கியில் சாத்திப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்தக் குறையை மரிசோல் தீர்த்துவைத்தாள்.

"விசரி! ஒவ்வொரு பள்ளத்துக்கையும் எட்டிப் பாத்து உன்ரை பேரைக் கத்தினனாங்கள்! லொறியளை மறிச்சு, பச்சைச் சட்டை போட்ட இந்தியாக்காரியைக் கண்டனியளோ எண்டு கேட்டனாங்கள்!"

"நான் இந்தியாக்காரி இல்லை" என்றேன். (அந்த நேரத்திலும் இதைத் திருத்தியாக வேண்டியிருந்தது.)

"ஒரு வளைவிலை ஒரு கையுறை கிடந்தது. உன்ரை எண்டு நினைச்சு லூப்பே அதைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள்!"

லூப்பே அந்தக் கையுறையைக் காட்டினாள். வீட்டுத்தோட்டத்தில் போடுகிற, மஞ்சள் ரப்பர்க் கையுறை. என் பெயரின் 'வ' அவர்கள் ஸ்பானிய வாயில் 'ப' ஆகிவிடும். "பசந்தி, பசந்தி" என்று அந்த மலை முழுவதும் என் பெயர் கூப்பிடப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறு எந்த மலையிலும் என்னை யாரும் அப்படித் தேடியதில்லை. பெரிஃபெரிக்கில் நான் விழுந்து கிடந்தால் ஹோர்ன்தான் அடிப்பார்கள்.

அப்போதுதான் எலேனா நடந்து வந்தார். லூப்பேயின் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினார்.

லூப்பே தேவாலய வாசலைப் பார்த்தாள். கவிழ்ந்த வாளியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. அதுதான் என்னை ஏதோ செய்தது. சாவியை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள். ராமிரோ மீசையைத் தடவினார். கழகத் தலைவருக்கும் அந்த உடன்படிக்கை மேல் அதிகாரம் இல்லை.

"அவவிட்டைச் சொல்லு, எனக்கு ஒரு ஆசீர்வாதம் தெரியும்" என்றேன் மரிசோலிடம்.

"நீ பாதரோ எண்டு கேக்கிறா."

"இல்லை. பத்திரிகைக்காரி. ஆனா பாரிஸிலை செய்யிறதைப் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

"பாரிஸிலை மோட்டச்சைக்கிளுக்கு ஆசீர்வாதம் ஆர் செய்யிறது எண்டு கேக்கிறா."

"யானைமுகச் சாமி. ரூ பஜோலிலை இருக்கிறார்."

எலேனா கொஞ்சம் யோசித்தார். அடுத்த கேள்வி நேரானது. "அதுக்குப் பிறகு நீ விழுந்தனியோ எண்டு கேக்கிறா."

"விழேல்லை" என்றேன். அது உண்மை. கூம்பு மேல் விழுந்ததெல்லாம் தேசிக்காய்க்கு முந்தியது.

எலேனா சாவியை ஏப்பிரனுக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

தேசிக்காய்க்குப் பஞ்சமில்லை, மெக்சிகோவில் தேசிக்காய் இல்லாத மேசை கிடையாது. கற்பூரத்துக்கு என்ன செய்வதென்று பார்த்தால், தேவாலய வாசலில் ஒரு பெண் சாம்பிராணி போன்ற ஒரு பிசினை மண்சட்டியில் எரித்துக்கொண்டிருந்தார். சட்டியோடு வாங்கி லூப்பேயின் வண்டியைச் சுற்றிக் காட்டினேன். மணம் ரூ பஜோலைத் தோற்கடித்தது. தேங்காய்தான் சிக்கல். கரையோர ஊர், எங்கே பார்த்தாலும் தென்னை, எல்லாம் இளநீர். இளநீரை எறிந்தால் உடையாது, துள்ளும். பல் வைத்தியர் ஓடிப்போய், யாரோ வீட்டு வளவில் விழுந்து கிடந்த முற்றல் ஒன்றைக் கொண்டுவந்து தன் கத்தியாலேயே உரித்துத் தந்தார்.

தேங்காயை இரு கையாலும் பிடித்து, வண்டியை மூன்று முறை சுற்றி, கண்ணை மூடி, ஓங்கி எறிந்தேன்.

உடையவில்லை. கல்லில் பட்டு எழும்பி, சதுக்கத்தின் சரிவில் உருண்டு, வாத்தியக்காரரின் கதிரைக்குக் கீழால் புகுந்து, தேவாலயப் படியில் போய் நின்றது. கழகம் முழுவதும் அதைக் கண்ணால் பின்தொடர்ந்தது. தேங்காய் உடையாவிட்டால் என்ன அர்த்தம் என்று மரிசோல் கேட்டாள். அதை மொழிபெயர்க்க நான் விரும்பவில்லை.

எலேனா போய் அதை எடுத்தார். கையில் பாரம் பார்த்தார். என்னைப் பார்த்து, அப்படியல்ல, இப்படி என்பதுபோலத் தோளைச் சுழற்றி, தன் மகளின் முன்சில்லுக்கு ஒரு முழம் தள்ளி ஒரே எறி. ஈர்க்குவாணம் போலச் சிதறியது. தண்ணீர் வண்டி மேலும் லூப்பே மேலும் தெறித்தது. எலேனா தன் கையை ஏப்பிரனில் துடைத்தார். தீர்த்தம் விழுந்ததா என்றால் விழுந்தது. யார் கையால் என்று உடன்படிக்கை சொல்லியிருந்ததை அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. சாவியை மகளிடம் கொடுத்தார். லூப்பே தேசிக்காய் மேல் ஏற்றி வண்டியை எடுத்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்குச் சதுக்கமே கத்தியது.

பிறகு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய சில்லுக்கும் தேசிக்காய் வேண்டுமாம். ராமிரோவும் நின்றார். அன்று அந்த ஊரில் பொரித்த மீனைத் தேசிக்காய் இல்லாமல்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பச்சை அங்கியைக் கழற்றி மடித்து ராமிரோவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, விரித்து, திரும்ப எனக்கே போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார்.

அன்று நான் அந்த மலையைப் பார்த்தேன். கடைசி ஆளுக்குத்தான் வரிசை முழுவதும் தெரியும். வளைவுகளில் எதிர்ப்பக்கச் சரிவில் ஒவ்வொரு விளக்காகத் தோன்றி, மறைந்து, திரும்பத் தோன்றும். மூன்றாவது விளக்கை, லூப்பேயினுடையதை, ஒவ்வொரு வளைவிலும் தேடினேன். அது ஆடாமல் போனது. எல்லாருக்கும் முன்னால், என் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு போகிற அந்த மனிதரின் கண்ணாடியில், இப்போது நான் இருக்கிறேன். பல கூட்டங்களில் பொன்னாடை பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் இந்தப் பெருமை இல்லை.

சில மாதங்கள் கழித்துக் கழகத்திலிருந்து ஒரு சின்னப் பொதி வந்தது. நான் கையோடு கொண்டுவந்திருந்த பச்சை அங்கியின் முதுகில் தைப்பதற்கான சித்திரத் துணி: ஒரு தும்புத்தடி, அதைச் சுற்றி இரண்டு தேசிக்காய். என் மகள் அதைப் பார்த்து, "மமன், இது உனக்குக் குடுத்த விருதோ, தண்டனையோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் அதே மாலை தைத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த தேருக்கு அதைப் போட்டபடிதான் போனேன். பின்னுக்கு வந்த பச்சை அங்கிக்காரர் ஒருவர் என் முதுகைக் கண்டு, நானும் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்து, எந்த வட்டாரம் நீ என்று கேட்டார். வஹாக்கா என்றேன். லூப்பே ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் இன்றும் ஒரு குரல் செய்தி அனுப்புவாள்: "பசந்தி, எல்லாரும் வந்தாச்சு."

வீட்டில் என் பெயர் தும்புத்தடி. மூன்று காரில் எங்கே புறப்பட்டாலும், "தும்புத்தடி பின்னாலை வருகுதோ?" என்று பார்த்த பிறகுதான் முதல் கார் நகரும்.

போன மாதம் லெ பிளாங்-மெனிலில் ஒரு திருமணம். பெண்ணின் தகப்பன் எங்களைக் கண்டதும் ஓடிவந்து, "அண்ணை, அக்காவைக் கூட்டிக்கொண்டு முன்னுக்கு வாங்கோ, முதல் வரிசையிலை இடம் வைச்சிருக்கிறன்" என்றார்.

என் கணவர் அவருடைய கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வேண்டாம் தம்பி, அவவைக் கடைசியிலையே இருத்தும். முன்னுக்கு விட்டா, பிறகு கலியாண வீடு முழுக்க வெளிக்கிட்டுத் தேடவேண்டி வரும்."

நான் கடைசி மேசையில் போய் இருந்தேன். காற்று உண்மையிலேயே நன்றாக வந்தது.